ஒளிர வேண்டிய ஈ. கோலை ஏன் இருண்டு கிடக்கிறது: லக்ஸ் மரபணுக்களைக் குளோன் செய்வது பற்றி

பெங்களூருவில் எம்.எஸ்சி. உயிர்தொழில்நுட்பம் படிக்கும் தமிழ் மாணவி ஒருவரின் கேள்வி இது. பெல்லந்தூர் ஏரித் தண்ணீரின் நச்சுத்தன்மையை அறிய, அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற ஒளிரும் கடல் பாக்டீரியாவின் லக்ஸ் ஆப்பரானை, அதாவது ஒளியை உருவாக்கும் மரபணுத் தொகுப்பை, அதன் சொந்த ஒழுங்குமுறை மரபணுக்களோடு ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்றியிருக்கிறார். ஜெல்லில் பட்டை சரியான இடத்தில் நிற்கிறது, சீக்வென்சிங்கிலும் பிழை இல்லை. ஆனால் 37 டிகிரியில் இரவு முழுவதும் வளர்த்த குடுவையை இருட்டில் வைத்துப் பார்த்தால் துளி வெளிச்சம் இல்லை. ப்ரைமரை (மரபணுவை நகலெடுக்கத் தொடக்கமாக அமையும் சிறு டி.என்.ஏ. துண்டை) மாற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யும்படி வழிகாட்டி சொல்கிறாராம். என்ன செய்வது, இந்த மரபணுக்களால் நடைமுறையில் என்ன பயன் என்று கேட்டிருக்கிறார்.

ப்ரைமரைத் தொட வேண்டாம். அதே குளோனை, அதாவது அந்த மரபணுக்கள் ஏறிய ஈ. கோலையை, புதிய ஊடகத்தில் இட்டு, இன்குபேட்டரில் வைக்காமல் மேசையருகே உள்ள ஷேக்கரில், 25 முதல் 28 டிகிரிக்குள் நன்றாகக் குலுக்கி வளர்த்து, மறுநாள் பாருங்கள். உங்கள் மரபணு வரிசை சரியாக இருக்கும்பட்சத்தில், பெரும்பாலும் அதுவே போதும். ஏன் போதும் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லக்ஸ் மரபணுக்களோடு வேலை செய்பவர்கள் முதலில் விட வேண்டிய எண்ணம், ஒளி வந்தால் குளோனிங் வெற்றி, வராவிட்டால் தோல்வி என்பது. இந்த ஒளி மரபணு இருப்பதை மட்டும் காட்டுவதில்லை. செல்லுக்குள் அந்த நொடியில் ஆக்சிஜனும் ஒடுக்கும் ஆற்றலும் கொழுப்பு அமிலமும் எவ்வளவு இருக்கின்றன என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

வேதிவினை இதுதான். லக்ஸ்-ஏ, லக்ஸ்-பி ஆகிய இரு மரபணுக்கள் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு துணையலகுகளை உருவாக்குகின்றன. ஏறத்தாழ 40, 37 கிலோடால்டன் எடையுள்ள அவை இணைந்ததே லூசிஃபெரேஸ் நொதி. இந்நொதி, ஒடுக்கப்பட்ட ஃப்ளேவினையும் (செல்லில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் சிறு மூலக்கூறு) நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட ஓர் ஆல்டிஹைடையும் ஆக்சிஜனோடு சேர்த்து வினைபுரியச் செய்கிறது. ஃப்ளேவின் ஆக்சிஜனேற்றம் அடைகிறது, ஆல்டிஹைடு கொழுப்பு அமிலமாகிறது, மிஞ்சும் ஆற்றல் 490 நானோமீட்டர் அருகே நீலப்பச்சை ஒளியாக வெளிப்படுகிறது. அப்படி உருவான கொழுப்பு அமிலத்தை மறுபடி ஆல்டிஹைடாக்குவது லக்ஸ்-சி, லக்ஸ்-டி, லக்ஸ்-இ மூன்றின் வேலை. லக்ஸ்-டி செல்லின் கொழுப்பு அமிலத் தயாரிப்பிலிருந்து 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலத்தைப் பிரித்தெடுக்கிறது, லக்ஸ்-இ செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைச் செலவழித்து அதைக் கிளர்வுறச் செய்கிறது, லக்ஸ்-சி ஒடுக்கும் ஆற்றலைச் சுமக்கும் என்.ஏ.டி.பி.எச். கொண்டு அதை ஒடுக்குகிறது. ஃப்ளேவினை ஒடுக்கித் தரும் நொதி ஈ. கோலையிலேயே இருப்பதால் லக்ஸ்-ஜி இல்லாமலும் வேலை நடக்கும். ஆக, ஐந்தே மரபணுக்கள் போதும், வெளியிலிருந்து எதையும் ஊற்ற வேண்டியதில்லை. மின்மினியின் லூசிஃபெரேஸுக்கு லூசிஃபெரினை விலைகொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டும். பச்சை ஒளிர்புரதமோ வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினால்தான் ஒளிரும், ஒருமுறை உருவானால் மணிக்கணக்கில் அழியாமலும் இருக்கும். லக்ஸ் இவ்விரண்டு தொல்லையும் இல்லாதது. அதற்கு அது தரும் விலை, செல்லின் ஆற்றல் கணக்கோடு அது பின்னிக் கிடப்பது.

இதை முதலில் செய்து காட்டியவர்களின் முறை இன்றைக்கும் பாடமாகச் சொல்லத்தக்கது. 1982இல் விப்ரியோ ஹார்வேயி என்ற இன்னொரு ஒளிரும் கடல் பாக்டீரியாவின் லக்ஸ்-ஏ, லக்ஸ்-பி மட்டும் ஈ. கோலைக்குள் ஏற்றப்பட்டன. ஆல்டிஹைடை வெளியிலிருந்து கொடுத்தால் அந்தச் செல்கள் ஒளிர்ந்தன. அடுத்த ஆண்டு எங்கெபிரெக்ட், நீல்சன், சில்வர்மேன் ஆகிய மூவரும் ஃபிஷெரியின் டி.என்.ஏ.யைத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு செல்லாக ஈ. கோலையில் ஏற்றி நூலகமாக்கி, வளர்ந்த தட்டுகளை இருட்டறையில் வைத்துக் கண்ணால் பார்த்தார்கள். ஒளிர்ந்த குடியிருப்புகளில் இருந்த ஏறத்தாழ 9 கிலோபேஸ் (9,000 டி.என்.ஏ. எழுத்து) நீளத் துண்டு ஒன்றில் லூசிஃபெரேஸ், ஆல்டிஹைடு தயாரிப்பு, அவற்றைக் கட்டுப்படுத்தும் லக்ஸ்-ஆர், லக்ஸ்-ஐ என எல்லாமே அடங்கியிருந்தன. ஆய்வு வேலையில் இவ்வளவு மலிவான தேர்வுமுறை அரிதாகவே கிடைக்கும். இருட்டுக்குக் கண் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்திருப்பதுதான் அதற்கான செலவு. நம் மாணவர்கள் பலர் விளக்கை அணைத்த மறுநொடி குடுவையைப் பார்த்துவிட்டு ஒளி இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். கைப்பேசித் திரையையும் அந்த நேரம் முழுவதும் அணைத்து வையுங்கள்.

இனி உங்கள் 37 டிகிரிக்கு வருவோம். ஃபிஷெரி கடல் குளிரில் வாழ்வது. அதன் லூசிஃபெரேஸ் 30 டிகிரிக்கு மேல் நிலைப்பதில்லை, அதைத் தூண்டும் லக்ஸ்-ஆர் புரதமும் அந்த வெப்பத்தில் சரியாக மடிந்து நிற்பதில்லை. இரண்டும் ஒரே திசையில் கெடுவதால், மரபணு சரியாக இருந்தும் ஒளி அடியோடு இல்லாமல் போகிறது. உங்கள் குளோனுக்குச் சென்னையைவிட பெங்களூருவின் மேசையே ஏற்ற இடம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆண்டின் பெரும்பகுதி இங்கே அறை வெப்பநிலையே அந்தப் பாக்டீரியாவுக்குத் தோதானது. சென்னையில் இதற்கென்று குளிரூட்டும் இன்குபேட்டர் தேட வேண்டியிருக்கும்.

37 டிகிரியைக் கைவிட முடியாத வேலை என்றால் மூலத்தை மாற்றுங்கள். ஃபோட்டோராப்டஸ் லூமினெசென்ஸ் கடலில் வாழ்வதல்ல. மண்ணில் பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுக்களின் குடலில் வாழ்வது. அதன் லூசிஃபெரேஸ் 37 டிகிரியிலும் அதற்குச் சில டிகிரி மேலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பாலூட்டிகளின் உடலுக்குள் நோய்க்கிருமியைத் தொடரும் வேலைகளில் அதன் ஆப்பரானே பரவலாகப் பயன்படுகிறது. லக்ஸ்-சி, டி, ஏ, பி, இ என்ற வரிசையில் ஏறத்தாழ 6 கிலோபேஸ் நீளமுள்ள அதை, ப்ரமோட்டர் (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) இல்லாமலேயே எடுத்து வேறு ப்ரமோட்டரின் பின்னால் வைப்பது எளிது. அதில் ஃபிஷெரியைப் போன்ற லக்ஸ்-ஐ, லக்ஸ்-ஆர் இணை இல்லாததும் சென்சார் செய்பவருக்கு வசதி.

மூலங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியபோது, அது ஒளிரும் பாக்டீரியா என்று பலரும் பகிர்ந்தார்கள். அது நாக்டிலூகா என்ற ஒருசெல் உயிரி. அதன் ஒளிமுறை முற்றிலும் வேறு, அதிலிருந்து லக்ஸ் மரபணு கிடைக்காது. உண்மையான ஒளிர் பாக்டீரியா நம் சமையலறைக்கே வந்துபோவதுதான் பலருக்குத் தெரிவதில்லை. காரப்பொடி மீனின் உணவுக்குழாயைச் சுற்றி இருக்கும் ஒளியுறுப்பில் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதி குடியிருக்கிறது. சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட்டில் மீனோ கணவாயோ வாங்கி, 3 சதவீத உப்புநீரில் பாதி மூழ்கும்படி வைத்து, குளிர்ந்த இடத்தில் ஓரிரு இரவு விட்டு, மின்னும் புள்ளியை உப்பு சேர்த்த அகாரில் இழைத்துப் பிரிப்பது பழைய வகுப்பறைப் பயிற்சி. பெங்களூரு வந்து சேரும் மீன் பல நாள் பனிக்கட்டியில் கிடந்தது என்பதால் ஒவ்வொரு முறையும் பலிக்காது. நீரில் கழுவிய மீன் என்றால் வாய்ப்பு இன்னும் குறைவு.

வெப்பநிலையை மாற்றியும் ஒளி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நொதியில் பிழையா, ஆல்டிஹைடு தயாரிப்பில் பிழையா என்று பிரித்துப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பெட்ரித் தட்டின் மூடியில் உட்புறமாக ஒரு துளி டெக்கனால் தடவி, தட்டைக் கவிழ்த்து மூடி, சில நிமிடம் கழித்து இருட்டில் பாருங்கள். டெக்கனால் 10 கார்பன் கொண்ட ஆல்டிஹைடு, ஆரஞ்சுத் தோலின் மணத்தில் அதற்கும் பங்குண்டு. அதன் ஆவி செல்லுக்குள் நுழைந்துவிடும். இப்போது ஒளி வந்தால் லூசிஃபெரேஸ் நலமாக இருக்கிறது, சிக்கல் லக்ஸ்-சி, டி, இ மூன்றில் ஒன்றில் இருக்கிறது. வராவிட்டால் லக்ஸ்-ஏ, பி வெளிப்படவே இல்லை, அல்லது சரியாக மடியவில்லை. அளவு கூடினால் டெக்கனாலே செல்லுக்கு நஞ்சு என்பதால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம். இந்தச் சோதனையை நம்பியே நான் ஒருமுறை இரண்டு வாரம் வீணாக்கினேன். அலமாரியில் பல ஆண்டுகளாகத் திறந்து திறந்து மூடப்பட்டிருந்த புட்டி அது. காற்றுப் பட்டு ஆல்டிஹைடு அமிலமாக மாறியிருந்ததால், நன்றாக இருந்த குளோன்களை எல்லாம் கெட்டவை என்று தூக்கி எறிந்துவிட்டேன். ஒளிரும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு குளோனைப் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

வெளிப்பாட்டைப் பொறுத்தவரை, ஒளி குறைவு என்றதும் டி7 போன்ற மிக வலுவான ப்ரமோட்டருக்குத் தாவுவது பெரும்பாலும் வினையில்தான் முடிகிறது. லூசிஃபெரேஸ் அளவுக்கு மீறி உருவானால் சரியாக மடியாமல் திரண்டுவிடுகிறது. இன்னொரு பக்கம், லக்ஸ்-டி சவ்வுக்குப் போக வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது, ஏ.டி.பி.யும் என்.ஏ.டி.பி.எச்.சும் கரைகின்றன. செல் மெதுவாக வளர்கிறது. லக்ஸ் மரபணுக்களைச் சுமக்கும் வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடைத் தொலைத்த செல்கள் முந்துகின்றன. இரண்டு நாளில் குடுவை முழுவதும் இருண்டவையே நிறைந்திருக்கும். அராபினோஸால் தூண்டப்படும் ப்ரமோட்டர் போல, அளவைக் கூட்டிக் குறைக்கக் கூடிய ஒன்றே இங்கு நல்லது. அதைப் பயன்படுத்தும்போது ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்க்காதீர்கள். குளுக்கோஸ் அராபினோஸ் ப்ரமோட்டரையும் அடக்கும், ஃபிஷெரியின் லக்ஸ்-ஆர் ப்ரமோட்டரையும் அடக்கும், இரண்டும் குளுக்கோஸ் இருந்தால் குறைந்துவிடும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறை நம்பி இருப்பவை. இன்னும் ஒரு நுட்பம்: லக்ஸ் மரபணுக்கள் ஏ, டி என்ற டி.என்.ஏ. எழுத்துகள் மிகுந்தவை. அப்படிப்பட்ட அந்நிய டி.என்.ஏ.வை எச்-என்.எஸ். என்ற ஈ. கோலைப் புரதம் பிடித்து அடக்கி வைக்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒளி மங்கலாகவே இருந்தால், அந்தப் புரதம் இல்லாத ஈ. கோலைத் திரிபில் (வகையில்) அதே பிளாஸ்மிடை ஏற்றிப் பாருங்கள்.

ஃபிஷெரி ஆப்பரானை அதன் சொந்த ஒழுங்குமுறையோடு வைத்திருப்பதால் உங்களுக்கு இன்னொரு காத்திருப்பும் உண்டு. லக்ஸ்-ஐ உருவாக்கும் சிறு சமிக்ஞை மூலக்கூறு ஊடகத்தில் போதிய அளவு சேர்ந்த பிறகே லக்ஸ்-ஆர் அதைப் பிடித்துக்கொண்டு ஆப்பரானைத் திறக்கிறது. கூட்டம் கூடிய பிறகே விளக்கு எரியும் இந்த ஏற்பாட்டை நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் 1970இல் விவரித்தார்கள். பின்னாளில் கோரம் உணர்தல் என்று பெயர்பெற்ற துறைக்கு அதுவே விதை. ஆகவே நீர்த்த வளர்ப்பைப் பார்த்து ஒளி இல்லை என்று முடிவுக்கு வராதீர்கள். மறுபுறம், வளர்ச்சி முடிந்து பல மணி நேரம் குலுக்காமல் நின்ற குடுவையும் இருண்டிருக்கும். அதற்குக் காரணம் ஆக்சிஜன். அடர்ந்த வளர்ப்பு சில நிமிடங்களிலேயே நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்போது மேற்பரப்பில் மட்டும் மெல்லிய ஒளி வளையம் தெரியும். குடுவையைச் சுழற்றினால் நீலம் அடிவரை இறங்கும். இருண்டு போனதாக நினைத்த குடுவையை முதலில் ஒரு முறை சுழற்றிப் பார்ப்பது என் வழக்கம். மூடி இறுக்கிய குழாயில் ஒளியை அளப்பவர்கள் பல நேரம் அளப்பது ஆக்சிஜனைத்தான்.

பயன்பாட்டைப் பற்றி உங்கள் திட்டத்தை வைத்தே பேசுகிறேன். லக்ஸ் கொண்டு நச்சை அறியும் வழிகள் அடிப்படையில் இரண்டு. ஒன்று, எப்போதும் ஒளிரும் செல்லை மாதிரி நீரில் இட்டு, ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. மைக்ரோடாக்ஸ் என்ற வணிகமுறை இப்படி அலிவிப்ரியோ ஃபிஷெரியையே நேரடியாகப் பயன்படுத்துகிறது, ஐ.எஸ்.ஓ. 11348 என்ற தரநிலையும் இதற்கு உண்டு. வழக்கமாக 15 டிகிரியில் 5, 15, 30 நிமிடங்களில் ஒளி அளக்கப்படும். மற்றது, குறிப்பிட்ட ஒரு பொருளைக் கண்டால் மட்டும் திறக்கும் ப்ரமோட்டரை லக்ஸுடன் இணைப்பது. நாப்தலீனைச் சிதைக்கும் வழியின் ப்ரமோட்டரோடு லக்ஸை இணைத்த சூடோமோனாஸ் ஃப்ளூரெசென்ஸ் எச்.கே.44, 1996இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கட்டுப்படுத்தப்பட்ட மண்தொட்டிகளில் விடப்பட்டது. ஆர்சனிக்கை உணரும் லக்ஸ் ஈ. கோலை வியட்நாமின் நிலத்தடி நீரில் சோதிக்கப்பட்டிருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைச் சுற்றியுள்ள அளவுகளை அறிவதே அங்கே தேவை.

பெல்லந்தூர் நீருக்கு முதல் வழியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள் என்பது என் கருத்து. அந்த ஏரிக்கு வருவதில் பெரும்பங்கு நகரின் கழிவுநீர். அதில் நஞ்சு இருக்கலாம், கூடவே பாக்டீரியாவுக்குச் சத்தான உணவும் நிறைய இருக்கிறது. உணவு கிடைத்த செல்லின் ஒளி கூடும், நச்சுப் பட்ட செல்லின் ஒளி குறையும், இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து நீர் நல்ல நீர் போலத் தோன்றும். நீரின் கலங்கலும் பழுப்பு நிறமும் 490 நானோமீட்டர் ஒளியை விழுங்கி, இல்லாத நச்சை இருப்பதுபோலக் காட்டும். அந்த ஏரியில் பொங்கும் நுரைக்குக் காரணமான சலவைப்பொருள்களோ சவ்வைத் தாக்கும். இதற்கு ஒரே தீர்வு இரண்டு திரிபுகளைப் பக்கம் பக்கமாக வைப்பது. ஒன்றில் எப்போதும் திறந்திருக்கும் ப்ரமோட்டர், மற்றதில் நீங்கள் தேடும் பொருளால் திறக்கும் ப்ரமோட்டர். இரண்டையும் ஒரே மாதிரி நீரில் ஒரே நேரத்தில் வளர்த்து, ஒளியைச் செல் அடர்த்தியால் வகுத்து, விகிதத்தைப் பாருங்கள். ஒளி அளவியின் எண் கருவிக்குக் கருவி மாறும் என்பதால் தனி எண்ணுக்கு அர்த்தம் இல்லை, விகிதத்துக்குத்தான் அர்த்தம். ஒளிபுகாத வெள்ளைத் தட்டில் அளந்தால் பக்கத்துக் குழியின் ஒளியும் அதிகம் கசியாது.

நன்னீருக்கு ஃபிஷெரியைவிட ஈ. கோலையே ஏன் பொருத்தம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபிஷெரிக்கு 2 சதவீத உப்பு வேண்டும். அவ்வளவு குளோரைடு சேர்ந்தால் காட்மியம், பாதரசம் போன்றவை குளோரைடோடு கூட்டுச்சேர்ந்து, அவற்றின் தீங்கு ஏரியில் இருப்பதிலிருந்து மாறித் தெரியும். உங்கள் ஆப்பரான் ஈ. கோலைக்குள் இருப்பது இந்த இடத்தில் பலம். நகரில் குறிப்பிட்ட ஒரு பொருளுக்குச் சென்சார் செய்ய விரும்பினால் நான் பெல்லந்தூரை விட்டுவிட்டு பீன்யா பக்கம் போவேன். முலாம் பூசும் பட்டறைகள் நிறைந்த அந்தத் தொழிற்பேட்டையின் நிலத்தடி நீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கியூப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்ற உலோகம் தாங்கும் பாக்டீரியாவில் குரோமேட்டுக்குப் பதிலளிக்கும் ப்ரமோட்டர் இருக்கிறது, அதை லக்ஸோடு இணைத்த சென்சாரும் 1990களிலேயே செய்யப்பட்டுவிட்டது. கலங்கலும் கழிவுச்சத்தும் குறைந்த ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதால் வேலையும் சுத்தமாக நடக்கும்.

மற்றப் பயன்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1995இல் லக்ஸ் ஏற்றிய சால்மொனெல்லாவை உயிருள்ள எலிக்குள் வெளியிலிருந்தே கேமராவால் தொடர்ந்தார்கள். ஹீமோகுளோபின் நீல ஒளியை விழுங்குவதால் ஆழமான உறுப்புகளில் இது மங்கும். தடித்த செல்சுவர் கொண்ட கிராம் நேர் பாக்டீரியாக்களில் லக்ஸை இயக்க, ஒவ்வொரு மரபணுவின் முன்னும் அவற்றின் ரைபோசோம் பிணையும் இடத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. 2010இல் புகையிலையின் பசுங்கணிகத்தில் லக்ஸை ஏற்றி, தானே ஒளிரும் செடியை உருவாக்கினார்கள், ஒளி மிக மங்கலானது. 2018இல் வெளியான ஐலக்ஸ் என்ற மேம்படுத்திய ஆப்பரான் ஏறத்தாழ ஏழு மடங்கு பிரகாசம் தந்தது, தனித்தனிச் செல்லையே படம்பிடிக்க அது உதவியது.

ஏரியில் பாக்டீரியாவை விட்டுப் பார்ப்பது பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரி தொக்கி நிற்பதால் இதையும் சொல்கிறேன். அதற்கு இடமே இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, மரபணு மாற்றிய உயிரியைச் சூழலில் விட மத்திய அளவிலான ஜி.இ.ஏ.சி. என்ற மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆய்வகத்துக்குள் செய்யும் வேலைகூட உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் பதிவில் இருக்க வேண்டும். ஏரி நீரைப் புட்டியில் எடுத்து வந்து வடிகட்டி ஆய்வகத்தில் சோதிப்பதற்குத் தடையில்லை. சோதனை முடிந்த தட்டுகளை ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியில்) கிருமி நீக்காமல் தொட்டியில் கொட்டாதீர்கள், உங்கள் பிளாஸ்மிடில் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று குடுவைகள்: உங்கள் குளோன், வெற்று பிளாஸ்மிட் ஏற்றிய அதே ஈ. கோலை, பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய ஒளிரும் குளோன் ஒன்று. மூன்றையும் 26 டிகிரியில் குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தில் வளர்த்து, ஆறாவது மணியிலிருந்து மணிக்கொரு முறை அடர்த்தியையும் ஒளியையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மட்டும் ஒளிர்ந்து உங்களுடையது ஒளிரவில்லை என்றால், புதிதாக வாங்கிய டெக்கனாலோடு தொடங்குங்கள். ப்ரைமரைப் பற்றி வழிகாட்டியிடம் பேசுவது அதற்குப் பிறகு.